பாடம் மாறினால் பாழில்லை

பெற்றோர்களே! கல்லூரிக்குப் போன பிள்ளை, "இந்தப் பாடம் வேண்டாம், கணக்கு ஆசிரியராகப் போகிறேன்" என்று வந்து நின்றால், கட்டிய பணம் போயிற்றே என்று பதறாதீர்கள்.

பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகச் சென்னையில் 1940-இல் பிறந்த சீனிவாச வரதன், புள்ளியியல் படித்துவிட்டு, தொழிற்சாலைகளுக்கு உதவும் பயிற்சியை நாடித்தான் கல்கத்தா சென்றார். அங்கே சக மாணவர்களின் தூண்டுதலால் கணித ஆராய்ச்சிக்கு மாறினார். பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகி, 2007-இல் ஏபெல் பரிசும் பெற்றார். முதலில் படித்தது வீண்போகவில்லை.

நமக்கும் வழியுண்டு. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குச் சுங்கை பட்டாணியிலேயே ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கிறது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதக் கல்வியில் பட்டம் பெறலாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். தம்பி தங்கைக்குப் பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். பயந்து விலகுகிறானா, விரும்பிப் போகிறானா என்பதை அவன் பொறுமையே காட்டிவிடும்.