நிறுவல் வட்டைக் கணினி ஏற்க மறுத்தால்

மார்ச் மாத இறுதியில் வங்கிக் கிளைக்கு வருபவர்களின் கைகளில் பெரும்பாலும் கோப்புகளே இருக்கும். ஆண்டாப் ஹில்லில் சிறு மொத்த வணிகம் செய்துவரும் வாடிக்கையாளர் ஒருவர், ஒருமுறை பழைய மடிக்கணினியுடன் வந்தார். ரொக்கக் கடன் கணக்கைப் புதுப்பிக்க அவர் இருப்புப் பட்டியல் அளிக்க வேண்டியிருந்தது. மூன்றாண்டுக் கணக்குகளும் அந்தக் கணினிக்குள் இருந்தன. கணினியோ கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. யாரோ சொன்னதைக் கேட்டு நடைபாதைக் கடையில் விண்டோஸ் வட்டு ஒன்றை வாங்கியிருந்தார்.

“வட்டைப் போட்டால் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது, சார்” என்றார்.

“கணக்குகளுக்கு வேறு நகல் இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் வட்டு இயங்காமல் போனதே நல்லதாயிற்று என்றேன். அவர் வியப்புடன் பார்த்தார்.

காரணம் எளிது. நிறுவல் வட்டு பழுது பார்க்கும் கருவி மட்டுமன்று. நிறுவும்போது வன்தட்டைத் துடைத்து எழுதவும் வல்லது. இடையில் வரும் ஒரு கேள்விக்குத் தவறாக விடையளித்தால் பழைய கோப்புகள் போய்விடும். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வணிகர் தம் கணக்கேடுகளை அந்தந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாக்க வேண்டும். கணினி பழுதாயிற்று என்பதால் அக்கடமை நீங்கிவிடாது. ஆகவே, முதலில் கோப்புகளை மீட்க வேண்டும். வட்டை இயக்குவது பிறகு.

மீட்பதற்கும் வழி உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை வன்தட்டில் நிறுவாமலேயே யுஎஸ்பி நினைவகத்திலிருந்து இயக்கலாம். அதன் வழியே கோப்புறைகளைத் திறந்து வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுக்கலாம். வன்தட்டு பிட்லாக்கரால் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்டால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல், தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படையுங்கள்.

நகல் எடுத்த பிறகு, வட்டு ஏன் இயங்கவில்லை என்று எளியதிலிருந்து தொடங்கி வரிசையாக ஆராயலாம்.

முதலாவது, விசை. வட்டு சுழலத் தொடங்கியதும், அதிலிருந்து தொடங்க ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கூறும் ஆங்கில வரி சில விநாடிகளே திரையில் தோன்றும். அதைத் தவறவிட்டால் கணினி பழைய வன்தட்டுக்கே சென்றுவிடும். பலருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, தொடக்க வரிசை. மின்சாரம் பாய்ந்ததும் கணினியின் அடிப்படை மென்பொருள், எந்தச் சாதனத்தில் இயங்குதளம் இருக்கிறது என்று ஒரு பட்டியலின்படி தேடுகிறது. பட்டியலில் வன்தட்டு முதலில் இருந்தால் வட்டின் முறை வராமலே போகலாம். கணினியை இயக்கியவுடன் டெல், லெனோவா கணினிகள் பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9 ஆகிய விசைகளை அழுத்தினால் சாதனத் தேர்வுப் பட்டியல் கிடைக்கும். மாற்றிய வரிசை அடுத்த நாள் பழையபடி ஆகி, கடிகாரமும் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள சிறு பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, வட்டு. அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். உள்ளே ‘பூட்’, ‘சோர்சஸ்’ போன்ற கோப்புறைகள் இருந்தால் வட்டு முறையாக எழுதப்பட்டிருக்கலாம். ஒரே ஒரு ‘ஐஎஸ்ஓ’ கோப்பு மட்டும் இருந்தால் அது வெறும் நகல். அதிலிருந்து எந்தக் கணினியும் தொடங்காது. வட்டிலிருந்து கணினி தொடங்குவதற்கான ‘எல் டோரிட்டோ’ என்னும் நெறிமுறை 1995இல் வகுக்கப்பட்டது. அதன்படி தொடக்கத்துக்குரிய செய்தி வட்டின் குறிப்பிட்ட இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கோப்பை வெறுமனே நகலெடுத்தால் அது அமையாது. நம் வாடிக்கையாளர் வாங்கிய வட்டின் குறையும் இதுவே.

நான்காவது, வாசிப்பான். வடாலா உப்பளங்களை அடுத்த நம் பகுதியில் மழைக்கால ஈரம் அதிகம். தூசு படிந்த கண்ணாடி வில்லையும் தளர்ந்த இணைப்புக் கம்பியும் வட்டைப் படிக்க விடாமல் செய்யக்கூடும்.

ஐந்தாவது, தலைமுறை வேறுபாடு. புதிய கணினிகள் ‘யுஇஎஃப்ஐ’ முறையில் தொடங்குகின்றன. அவற்றின் ‘செக்யூர் பூட்’ என்னும் காவல், உரிய கையொப்பமில்லாத பழைய வட்டுகளைத் தடுத்துவிடும். பிட்லாக்கர் உள்ள கணினியில் மீட்புக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே இந்த அமைப்பை மாற்ற வேண்டும். பழைய வட்டுக்காகக் காவலை நீக்குவதும் விவேகமன்று. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் பணம் வைப்பதைப் போன்றது.

வங்கி அலுவலர் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. மலிவு விலைத் திருட்டு வட்டில் விண்டோஸுடன் வேறு என்ன ஒளிந்திருக்கிறது என்பதை வாங்குபவர் அறிய மாட்டார். நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லைப் பதிவு செய்து வெளியே அனுப்பும் நிரலும் அதில் இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் இணையதளத்திலேயே நிறுவல் கோப்பை அளிக்கிறது. உரிமம் மட்டும் உங்களுடையதாக இருந்தால் போதும். அத்தகைய வட்டை ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தால், வேறொரு நம்பகமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். கணக்கிலிருந்து பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அந்த வணிகரின் மகன் மறுநாள் மாலையே லினக்ஸ் வழியாகக் கணக்குகளை வெளியே எடுத்துவிட்டார். இருப்புப் பட்டியல் கெடுவுக்குள் வந்து சேர்ந்தது. இப்போது வாரந்தோறும் சனிக்கிழமை கடையடைக்கும் முன் ஒரு நகல் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு செல்கிறாராம். இதைப் படித்து முடித்ததும் நீங்களும் உங்கள் கணக்குகளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.