சர்க்கரைக் கணக்கு – 14: அடுப்பை அணைக்கும் நேரம்

போன வாரம் கல்லீரல் கொழுப்பைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் தேனி வாசகர் ஒருவருடையதை மூன்று முறை படித்துவிட்டேன். வயது 46. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4. எழுதியிருக்கிறார்: "ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 382 நாள் சாப்பிடாமலே இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. அவரால் 382 நாள் முடியுமென்றால் என்னால் ஏழு நாள் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருக்க முடியாதா? ஆடிக் கிருத்திகை அன்று தொடங்கலாம் என்று இருக்கிறேன். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்வேன்."

கடைசி வரியைப் படித்ததும் திக்கென்றது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஸ்காட்லாந்துக்காரர்.

கதை உண்மைதான். ஆங்கஸ் பார்பியேரி என்று பெயர். 1965 ஜூனில், 27 வயதில், 207 கிலோ எடையோடு டண்டீ நகரத்து மேரிஃபீல்டு மருத்துவமனைக்கு வந்தார். கொஞ்ச நாள் பட்டினி வைத்துப் பார்க்கலாம் என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்கள். அவர் நிறுத்துவதாக இல்லை. 1966 ஜூலையில் அவித்த முட்டை ஒன்றும் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றும் தின்று பட்டினியை முடித்தபோது எடை 82 கிலோ. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் 89 கிலோதான். 1973-இல் இதை மருத்துவ இதழில் கட்டுரையாகவே எழுதினார்கள்.

வாட்ஸ்அப்பில் வராத பகுதியும் அந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது. தினமும் வைட்டமின் மாத்திரை. முதல் பத்து மாதம் ஈஸ்ட். நடுவில் இரண்டு மாதத்துக்கு மேல் பொட்டாசியம், கடைசிப் பக்கம் பத்து நாள் சோடியம். திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை. அந்தக் காலத்தில் இதே பட்டினி வைத்தியத்தில் இருந்த வேறு சிலர் இறந்துபோனதையும் அந்த டாக்டர்களே குறிப்பிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். கடைசி எட்டு மாதமும் பார்பியேரியின் ரத்தச் சர்க்கரை 30 மில்லிகிராம் பக்கமே இருந்தது. அவர் பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருந்தார். நமக்கு அந்த எண் வந்தால் வீட்டில் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவார்கள். அவருக்கு மட்டும் எப்படி?

விடை கல்லீரலில் இருக்கிறது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் இன்சுலின் இறங்கத் தொடங்கும். அதன்பின் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடும். அந்தச் சேமிப்பு சுமார் 100 கிராம்தான். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் வேண்டும். ஆகவே ஒரு நாள் தாண்டுவதற்குள் சேமிப்பு ஏறக்குறையக் காலி. பிறகு கொழுப்பு கரைந்து, கல்லீரலில் கீட்டோனாக மாறி, சில வாரத்தில் மூளைக்கு முக்கிய எரிபொருளே அதுதான் என்றாகிவிடும். மூளைக்குச் சர்க்கரையைத் தவிர வேறு எதுவும் ஆகாது என்று நம்பியிருந்த மருத்துவ உலகத்துக்கு 1967-இல் ஹார்வர்டின் ஜார்ஜ் கேஹில் குழு காட்டியது இதைத்தான். பார்பியேரி ஓடியது கீட்டோனில்.

ஆனால் இன்சுலின் இறங்கினால்தான் கொழுப்புக் கிடங்கின் பூட்டு திறக்கும். கிளிமிப்ரைடு, கிளைக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை அழுத்தி இன்சுலினை வெளியே தள்ளுபவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. வெறும் வயிற்றில் அவற்றைப் போட்டால் சர்க்கரை இறங்கும், கிடங்கோ பூட்டியே இருக்கும். மூளைக்குச் சர்க்கரையும் கிடையாது, கீட்டோனும் கிடையாது. பார்பியேரியின் 30 வேறு, மாத்திரையால் வரும் 30 வேறு.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. அப்பாவுக்குக் கிருத்திகை விரதம் தவறாது. காலையில் குளித்து, விபூதி இட்டு, சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டு, "வயித்துக்குத்தானே விரதம், மருந்துக்கு என்ன விரதம்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவார். ஒரு கிருத்திகை அன்று பதினொரு மணிக்குத் திரும்பி வந்தவர், சட்டை தொப்பலாக நனைந்து, அம்மாவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார். பக்கவாதம் என்று நினைத்து அழுதோம். பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார். 41. சர்க்கரைத் தண்ணீர் புகட்டிய கால் மணி நேரத்தில், எதற்கு இவ்வளவு கூட்டம் என்று எங்களைத் திட்டினார் அப்பா. விரத நாளில் மாத்திரையை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்டதில்லை.

13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளின் ரமலான் நோன்பை ஆராய்ந்து 2004-இல் வெளியான எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளுக்கு ஆபத்தான தாழ்சர்க்கரை வருவது நோன்பு மாதத்தில் ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அதன் பிறகு நோன்புக்கு முன்பே மாத்திரையை மாற்றி அமைக்கும் வழிகாட்டல்கள் மேலும் முறைப்படுத்தப்பட்டன. இன்று ரமலானுக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்கும் இஸ்லாமிய நண்பர்களை எனக்குத் தெரியும். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் அப்படிப் போகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, ஆபத்தில்லாதவர்களுக்காவது பலன் உண்டா? உண்டு, ஆனால் முகநூலில் சொல்கிற அளவுக்கு இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் உள்ள 139 பேரை இரு பிரிவாக்கி ஒரு வருடம் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு குறைத்த சாப்பாடு. ஒரு பிரிவு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் அதைச் சாப்பிட வேண்டும். 2022-இல் வந்த முடிவு: அவர்கள் 8 கிலோ இறங்கினார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. எடை குறைந்ததற்குக் காரணம் குறைத்துச் சாப்பிட்டதுதான், கடிகாரம் இல்லை. ஆனால் கலோரி எண்ணத் தெரியாத என்னைப் போன்றவனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். விரதத்தின் உண்மையான லாபம் இந்த வசதிதான் என்பது என் எண்ணம்.

ஜப்பானின் ஓசுமிக்கு 2016-இல் விரதத்துக்காக நோபல் கொடுத்தார்கள் என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டை. செல் தன் குப்பையைத் தானே தின்று செரிப்பதற்கான மரபணுக்களைக் கண்டுபிடித்தார். 'பதினாறாவது மணி நேரத்தில் உங்கள் உடம்பு சுத்தமாகும்' என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை.

எப்போது சாப்பிடுகிறோம் என்பதில் மட்டும் ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் கோர்ட்னி பீட்டர்சன் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற ஆண்கள் ஐந்து வாரம் ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்தார்கள். கடைசிச் சாப்பாடு பிற்பகல் 3 மணிக்கு முன். எடை குறையாமல் பார்த்துக்கொண்டபோதும் இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தம் இறங்கியது. எட்டே எட்டுப் பேர், சின்ன ஆய்வுதான். ஆனால் நம்மவர்கள் செய்வது இதற்கு நேர் தலைகீழ். காலை டிபனை விட்டுவிட்டு, மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்து, இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டாவோடு முடிக்கிறோம். சான்பிரான்சிஸ்கோவில் 116 பேரை மதியம் 12 முதல் இரவு 8 வரை சாப்பிட வைத்துப் பார்த்த 2020 ஆய்வில் மூன்று மாதத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. நுணுக்கமாக அளந்து பார்க்கப்பட்டவர்களிடம் குறைந்ததிலும் பெரும்பங்கு கொழுப்பாக இல்லை, தசைப் பக்கம்தான்.

தசை போனால் நமக்கு நஷ்டம் அதிகம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கான எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம். இப்படிப்பட்ட உடம்பை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பவர், சாப்பிடும் நேரத்தில் முட்டையோ மீனோ பருப்போ சுண்டலோ தாராளமாகச் சேர்க்காவிட்டால் கையும் காலும் மெலியும், தொப்பை அப்படியே இருக்கும்.

நேரத்தோடு சாப்பிட்டு முடிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களிடம் பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கம் உண்டு. அவர்களுக்கு அது உயிர்க்கொலை தவிர்க்கும் அறம். நமக்கு இரவல் வாங்கிக்கொள்ள ஏற்ற வழக்கம். மற்றபடி நம் வீடுகளின் விரதத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. சோறு மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டு ரவை உப்புமா, பணியாரம், நாலு வாழைப்பழம். அன்றைக்குத்தான் சோறு சாப்பிடும் நாளைவிடச் சர்க்கரை ஏறும்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் ராத்திரி. முதல் இரண்டு வாரம் ஒன்றே ஒன்று: இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்து, காலை ஏழு வரை தண்ணீர் மட்டும். பன்னிரண்டு மணி நேரம், பாதி தூக்கத்திலேயே கழிந்துவிடும். நான் ஆரம்பித்தபோது பசி பெரிய சங்கடமாக இல்லை. ஒன்பதரை மணி டிவியும் முறுக்கு டப்பாவும்தான் சங்கடம். டப்பாவைப் பரணில் ஏற்றினேன். "ஏங்க, வயித்தைக் காயப்போட்டா அல்சர் வந்துரும்" என்று வீட்டில் பயமுறுத்தல் வேறு. குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பாக்டீரியாவும், கண்டபடி விழுங்கும் வலி மாத்திரைகளும்தான். ஏற்கெனவே புண் இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இது பழகியபின் ஆறு மணிக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்கு டிபன் என்று பதினாலுக்குப் போகலாம். வேலை நேரம் இடம்கொடுத்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பதினாறு. நடுவில் சர்க்கரை போடாத கடுங்காப்பி குடிக்கலாம். டீக்கடை டீ ஆகாது. இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு விரதமும் கரைந்துவிடும். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கினால் ஊரெல்லாம் சொல்லாதீர்கள். கல்லீரலும் தசையும் சேமித்த சர்க்கரையின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் இருக்கிறது, அதுதான் வெளியேறியிருக்கும். 6.1 ஆக இருந்த என் மூன்று மாதச் சராசரி எட்டு மாதத்தில் 5.7 ஆனது. அதில் விரதத்தின் பங்கு எவ்வளவு, மாலை நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே மெலிந்துபோன முதியவர்கள், சாப்பாட்டோடு சண்டை போட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்ட அனுபவம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஏழு நாள் விஷயம் இதிலிருந்து முற்றிலும் வேறு. நீண்ட பட்டினியில் ஆபத்து அதை முடிக்கும் அன்றும் காத்திருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்களில் சிலர், பசியைத் தாங்கிப் பிழைத்து, சாப்பாடு கிடைத்தபின் இறந்தார்கள். வெகுநாள் கழித்துச் சாப்பாடு இறங்கியதும் இன்சுலின் குபீரென்று ஏறும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயம் தடுமாறும், மூச்சு திணறும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு முதல் இரண்டு நாள் தேவையில் பாதிக்கு மேல் கொடுக்காதே என்கிறது பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டல். அது மருத்துவமனைக்கு எழுதிய விதி. வீட்டில் ஏழாம் நாள் பாயசத்தோடு முடிப்பவரைக் கண்காணிக்க யார் இருக்கிறார்கள்?

தேனி வாசகருக்கு: ஆடிக் கிருத்திகையில் முருகனைக் கும்பிடுங்கள், ஏழு நாள் பட்டினி வேண்டாம். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மெட்பார்மின் மட்டும்தான் போடுகிறேன் என்று நினைப்பவர்கள் பலருக்கு அதே மாத்திரைக்குள் கிளிமிப்ரைடும் இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால் அது வேறு தொல்லை. பட்டினியில் சர்க்கரை ஏறாமலே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை எதுவானாலும் அட்டையோடு டாக்டரிடம் போய், "இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மாற்றுகிறேன், காலையில் சில நாள் சாப்பிட மாட்டேன். எதை, எப்போது, எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால், அன்றைக்கு எந்தச் சாமிக்கான விரதமாக இருந்தாலும், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

(தொடரும்)