மறுபதிப்புப் பெறும் இசைத்தட்டுகள்

எலுவன்குளத்திலிருந்து தெற்கே சென்றால், புத்தளம் நகரை அடுத்துச் சிரம்பியடி என்னும் ஊர் உண்டு. ஆபிரிக்காவிலிருந்து போர்வீரராகக் கொணரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். போத்தல், சிரட்டை, மேளம் ஆகியவற்றைத் தட்டி அவர்கள் பாடும் பாட்டுக்கு 'மஞ்சா' என்று பெயர். அதன் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். சில அடிகளே திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கி விரைந்து முடியும். அச்சொற்களின் பொருளை அறிந்தோர் இன்று சிலரே. இத்தகைய பாட்டுக்கு ஒலிப்பதிவு என்ன செய்யவல்லது? ஆபிரிக்க வழிவந்த மற்றொரு கலைஞரின் வரலாறு அதனை விளக்கும்.

மடி வாட்டர்ஸ் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தித் தோட்டத்தில் உழைத்தவர். 1941ஆம் ஆண்டில், காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டார் பாடல் தேடிச் சென்ற அலன் லோமக்ஸ், அவரது 'புளூஸ்' பாடல்களைத் தோட்டத்திலேயே பதிவு செய்தார். தம் குரலைத் தாமே கேட்டபோது, தாமும் பாடகராகலாம் என்ற துணிவு அவருக்கு உண்டாயிற்று. 1943இல் சிக்காகோ நகரை அடைந்தார். அங்கு மதுச்சாலைகளின் இரைச்சலில் மரக் கிற்றாரின் ஓசை எடுபடவில்லை. ஆகவே மின்சாரக் கிற்றாரைக் கையிலெடுத்தார்.

அக்காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடப் பாட்டே அடங்கும். அரக்குக் கலந்து செய்யப்பட்டமையால் விழுந்தால் உடையும். நீண்ட நேரம் ஒலிக்கும் தட்டுகள் 1948இல் தோன்றின. 1958இல் மடி வாட்டர்ஸின் பழைய பாடல்கள் 12 அத்தகைய ஒரே தட்டில் தொகுத்து வெளியிடப்பட்டன. தோட்டத்துப் பதிவுகள் 1993இல் குறுந்தட்டாகவும் வெளிவந்தன. இங்கிலாந்து இளைஞர் சிலர் அவரது 1950ஆம் ஆண்டுப் பாட்டின் பெயரைத் தழுவி, 'ரோலிங் ஸ்டோன்ஸ்' எனத் தம் குழுவுக்குப் பெயரிட்டனர்.

மறுபதிப்பு வெறும் நகலன்று. தேய்மானம் குறைந்த மூலத்தைத் தேர்ந்து, சுழல்வேகம் பிசகாது ஒலியைப் பெயர்த்தல் வேண்டும். வேகம் மிகுந்தால் சுருதி ஏறிவிடும். கீறலோசையை அளவுக்கு மிஞ்சி நீக்கினாலோ, பாடகரின் மூச்சும் உடன் மறையும்.

எனினும், முதற்பதிவு இல்லாத பாட்டுக்கு மறுபதிப்பு ஏது? லோமக்ஸ் அன்று தோட்டத்துக்குச் செல்லாதிருந்தால், 1993இல் வெளியிடுவதற்கு ஒன்றும் இருந்திராது. சிரம்பியடியின் மஞ்சாவுக்கும் இது பொருந்தும். பாட்டை மட்டுமன்றி, அதன் பொருளையும் முதியோர் வாயிலாகவே கேட்டுப் பதிந்து வைத்தல் வேண்டும். அன்றேல் ஓசை எஞ்சும்; பாட்டு எஞ்சாது.