இண்டிகேட்டரை எல்.இ.டி.க்கு மாற்றும் முன்

பைக்கில் பழைய இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைப் போட்ட அன்றே பலருக்கும் ஒரு குழப்பம் வருகிறது. சுவிட்சைத் தள்ளினால் விளக்கு நிதானமாக விட்டுவிட்டு எரியாமல் படபடவென்று துடிக்கிறது. சில வண்டிகளில் துடிப்பதே இல்லை, நிலையாக எரிந்துகொண்டிருக்கிறது. வேறு சிலவற்றில் இடப்பக்கம் போட்டால் நாலு மூலையும் சேர்ந்து மின்னுகிறது. "வேகமா அடிச்சா நல்லதுதான், பளிச்சுனு தெரியும்ல" என்று சமாதானம் சொல்லி அனுப்புகிற கடைகள் உண்டு. அந்தச் சமாதானத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அப்படித் துடிக்கும் விளக்கு மோட்டார் வாகன விதிக்குப் புறம்பானது. அதைவிட முக்கியம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வரும் லாரிக்காரருக்குச் சொல்ல வேண்டிய விளக்கு அது.

ஏன் இப்படி ஆகிறது? நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் இருப்பது 12 வோல்ட், 10 வாட் இழை பல்ப். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு. மொத்தம் 20 வாட், அதாவது ஏறத்தாழ 1.7 ஆம்பியர் மின்னோட்டம். இந்த அளவு மின்னோட்டத்தை எதிர்பார்த்துத்தான் ஃபிளாஷர் ரிலே விளக்கை அணைத்து எரிக்கிறது. எல்.இ.டி. பல்ப் இழுப்பதோ ஒன்றிரண்டு வாட். மின்னோட்டம் சரிந்ததும் ரிலே 'ஒரு பல்ப் ஃபியூஸ் ஆகிவிட்டது' என்று கணக்குப் போட்டு வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. ஒரு பல்ப் போனதை ஓட்டுபவருக்கு உணர்த்துவதுதான் அந்த வேகத்தின் வேலை. பழைய வகை ரிலேக்களுக்கு இயங்கவே அந்த மின்னோட்டம் போதாது. அதனால்தான் விளக்கு அப்படியே எரிந்து நிற்கிறது.

நாலு விளக்கும் மின்னுவதற்குக் காரணம் வேறு. பல வண்டிகளில் மீட்டர் போர்டில் இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்ன பைலட் பல்ப்தான் இருக்கும். அது இரண்டு பக்கத்து வயர்களுக்கும் நடுவே இணைந்திருக்கிறது. அதன் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் 10 வாட் பல்பை எரிய வைக்காது, எல்.இ.டி.யை எரிய வைத்துவிடும். இந்த மூன்று கோளாறுகளில் மிக ஆபத்தானது இதுதான். வேகமாக அடித்தாலும் பக்கமாவது தெரியும். நாலும் மின்னினால், திரும்புவது இடமா வலமா என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வழியே இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 102-ஆவது விதி இதில் தெளிவாக இருக்கிறது. இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில் எரிய வேண்டும். நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் மின்ன வேண்டும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும். சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. கைப்பேசியில் அரை நிமிடம் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். 30-க்கும் 60-க்கும் இடையில் வந்தால் சரி. அதைத் தாண்டினால் ரிலேயைக் கவனிக்க வேண்டும்.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இண்டிகேட்டர் கண்ணாடி ஆம்பர் நிறம்தானே, உள்ளே வெள்ளை எல்.இ.டி. போட்டால் என்ன என்று தோன்றும். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலம் அதிகம். ஆம்பர் கண்ணாடி அந்த நீலத்தைத் தடுத்துவிடுவதால், வெளியே வருவது வெளிறிப்போன மங்கல் மஞ்சள்தான். கண்ணாடி நிறமற்றதாக இருந்தால் வெள்ளை ஒளியே வெளியே வரும். அது நேரடி விதிமீறல். இரண்டு வகைக்குமே ஆம்பர் எல்.இ.டி.யைத்தான் கேட்டு வாங்க வேண்டும். நீலம், பச்சை, ஓடும் வண்ணப் பட்டைகள் எதுவும் இண்டிகேட்டர் ஆகாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இழை பல்ப் சுற்றிலும் ஒளி வீசும். பின்னாலிருக்கும் பிரதிபலிப்பான் அதை வாங்கிப் பரப்பும். எல்.இ.டி. தன் சில்லு பார்த்த திசையில்தான் வீசும். நுனியில் மட்டும் சில்லு வைத்த மலிவு பல்ப் நேரே பார்த்தால் கண்ணைக் கூசும், கொஞ்சம் பக்கவாட்டில் போனால் மங்கிவிடும். பக்கத்து லேனில் வரும் பேருந்து ஓட்டுநருக்கு அது எரிவதே தெரியாமல் போகலாம். ஆகவே கடையிலேயே, நல்ல வெயிலில், ஒருவரை வண்டிப் பக்கத்தில் நிறுத்தி சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, முப்பது அடி தள்ளிப்போய் நேரேயும் இரு பக்கமும் நின்று பாருங்கள். சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் வாங்கினாலும் சரி, ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சரியான தீர்வு எல்.இ.டி.க்கென்றே வரும் ஃபிளாஷர் ரிலே. அது மின்னோட்டத்தைப் பார்க்காமல் ஒரே சீராக அடிக்கும். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு பின்னா, மூன்று பின்னா என்று பார்த்து அதற்கேற்றதை வாங்க வேண்டும். சிலவற்றுக்கு எர்த் வயர் தனியாகத் தர வேண்டும். பைலட் பல்ப் கோளாறுக்கு இரண்டு டயோடுகள் போட்டு இரு பக்கத்தையும் பிரித்துவிடலாம். செலவு மிகக் குறைவு. ரிலேயே இல்லாமல் கட்டுப்பாட்டு யூனிட்டே இண்டிகேட்டரை இயக்கும் புதிய வண்டிகளில் வெளியில் கைவைக்காமல் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போவதே நல்லது.

ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்.இ.டி. மிச்சப்படுத்திய மின்சாரத்தை அது வெப்பமாக எரித்துத் தீர்க்கிறது. பிளாஸ்டிக் பேனலுக்குள், வயர்க் கட்டோடு சேர்த்து டேப் சுற்றி வைத்தால் வயரின் உறை உருகலாம். பெட்ரோல் டேங்குக்குக் கீழே அப்படி ஒரு சூடு தேவையே இல்லை.

எல்.இ.டி. ரிலே போட்டபின் ஒன்றை இழக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இனி ஒரு பல்ப் போனாலும் வேகம் மாறாது, எச்சரிக்கை வராது. வாரத்துக்கு ஒருமுறையாவது நாலு விளக்கையும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றத்தான் வேண்டுமா? குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்து அதிர்ந்து பல்ப் இழை அடிக்கடி அறுந்துபோகிறவர்களுக்குப் பயன் உண்டு. ஐட்லிங்கில் இண்டிகேட்டர் சோம்பிப்போகும் அளவுக்கு பேட்டரி தளர்ந்தவர்கள் முதலில் பேட்டரியையும் சார்ஜிங்கையும் பார்க்க வேண்டும். 'மின்சாரம் மிச்சம்' என்பதற்காக மட்டும் மாற்றுவதில் பொருளில்லை. ஒரு பயணத்தில் இண்டிகேட்டர் எரிவது சில நிமிடங்கள்தான்.

அபராதம் பற்றிய பயமும் பலருக்கு இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் பல்ப் வகை எழுதப்படுவதில்லை என்று சிலர் வாதிடுவார்கள். விளக்கின் நிறமும் வேகமும் 102-ஆவது விதிக்குள் இருந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. நிறமோ வேகமோ மீறினால் எந்தப் பலமும் இல்லை. சலான் வந்தால் எந்தப் பிரிவு என்று படித்துப் பாருங்கள். ஏற்க முடியாவிட்டால் நீதிமன்றத்தில் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு விபத்து நடந்தால் வரும். திரும்பும்போது பின்னாலிருந்து ஒருவர் மோதினால், 'இவர் சிக்னலே புரியவில்லை' என்று எதிர்த்தரப்பு தீர்ப்பாயத்தில் வாதிடும். உங்கள் கவனக்குறைவும் ஒரு காரணம் என்று தீர்ப்பானால் இழப்பீடு அந்த விகிதத்தில் குறையும். ஒயரை வெட்டி ஒட்டிய இடத்தில் ஷார்ட் ஆனால் வாரண்டி மறுக்கப்படலாம். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டிலும் சர்வேயர் கேள்வி கேட்பார். ஆகவே வயரை வெட்டாமல், ஹோல்டரில் அப்படியே பொருந்துகிற பல்பும், பழைய சாக்கெட்டிலேயே செருகுகிற ரிலேயும் கேளுங்கள். கழற்றிய பழைய பல்பையும் ரிலேயையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைக்காரரிடம் உங்களுக்குள்ள உரிமையும் சின்னதல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் எழுதி வைத்திருப்பதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. பெயரும் முகவரியும் இல்லாத பாக்கெட்டில் வந்த பல்ப் வயரை எரித்து வண்டிக்கோ உடலுக்கோ சேதம் விளைவித்து, தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், விற்றவரையே பொறுப்பாக்க அதே சட்டத்தில் இடமிருக்கிறது. தவறாக மாட்டிக் கொடுத்த மெக்கானிக்கின் வேலை சேவைக் குறைபாடு.

பாக்கெட்டையும் பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து கடைக்கு வாட்ஸப்பில் எழுத்தாக அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடலாம். கடை வெளியூரில் இருந்தாலும், இணையத்தில் வாங்கியிருந்தாலும் சரி. பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.