போறணைச் சூட்டில் புளிப்பு அப்பிள்

வத்தளை, ஹெந்தளைப் பக்கத்துப் பழக்கடைகளில் அப்பிள் என்றால் முதலில் கண்ணில் படுவது சிவப்புத்தான். மேலே மெழுகுப் பளபளப்பு, பக்கத்தில் ஒரு சின்ன ஒட்டுத்தாள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போகிறவர்கள் நாலு வாங்குவார்கள். பூசைத் தட்டுக்கு ஒன்று போகும். இந்தப் பழத்தைத் தேன் ஊற்றிச் சுட்டுத் தின்னலாம் என்று சொன்னால் கடைக்காரரே ஒரு மாதிரிப் பார்ப்பார்.

பெலாரஸில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில், கடலே இல்லாத அந்த நாட்டில் தேன் விட்டுச் சுட்ட அப்பிள் வெகு சாதாரணமான வீட்டுப் பலகாரம். இலங்கைக்கும் அது முற்றிலும் புதிதல்ல. மருத்துவம் படிப்பதற்காக மின்ஸ்க், கிரோட்னோ, விதெப்ஸ்க், கோமெல் நகரங்களுக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய இலங்கைப் பிள்ளைகள், தமிழர் உட்பட, நிறையப் பேர். குளிர்காலத்து விடுதிக் குசினியில் செலவில்லாமல் செய்யக்கூடிய இனிப்பு இதுதான்.

ஓகஸ்ட் மாதம் அங்கே இரண்டு திருநாள்கள் அடுத்தடுத்து வருகின்றன. 14ஆம் திகதி தேன் விழா, 19ஆம் திகதி அப்பிள் விழா. அப்பிள் விழா வேறொன்றுமல்ல, ஆண்டவரின் உருமாற்றத் திருநாள்தான். ஹெந்தளைக் கத்தோலிக்கர்கள் அதை ஓகஸ்ட் 6ஆம் திகதியே கொண்டாடிவிடுகிறார்கள். பெலாரஸின் ஓதொடொக்ஸ் சபை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாததால் 13 நாள் பிந்துகிறது. கிரேக்க நாட்டில் அன்று திராட்சைக் குலைகளை மந்திரிப்பார்கள். திராட்சை சரியாக விளையாத வடக்கில் அந்த இடம் அப்பிளுக்குக் கிடைத்தது. கோயிலில் மந்திரிக்கும்வரை அந்த வருடத்து அப்பிளை வாயில் வைப்பதில்லை என்பது பழைய கட்டுப்பாடு. தைப்பூசத்தன்று புது நெல்லில் புதிர் எடுக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தேனுக்கு அங்கே இன்னும் நீண்ட கதை உண்டு. காட்டில் நிற்கும் பெருமரத்தில் பொந்து குடைந்து, அதில் தேனீயைக் குடியேற்றி, கயிற்றில் ஏறித் தேன் எடுக்கும் தொழில் பெலாரஸிலும் போலந்திலும் இன்றைக்கும் இருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இனி அடுப்பு. பெலாரஸ் கிராமத்து வீட்டில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் செங்கல் அடுப்பை நம்மவர்கள் பார்த்தால் உடனே போறணை என்றுதான் சொல்வார்கள். வேலை செய்யும் விதமும் அதேதான்: உள்ளேயே விறகை எரித்து, தணலை ஒதுக்கி, கொதிக்கும் தளத்தில் பாண் வேகவைப்பது. பாண் வெளியே வந்த பிறகும் சூடு மணிக்கணக்கில் நிற்கும். அந்த மிச்சச் சூட்டுக்குத்தான் அப்பிள் தட்டு உள்ளே போகும். கொழும்பிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. வீடுகளில் சொந்தப் போறணை இல்லாத காலத்தில், கிறிஸ்மஸ் கேக் கலவையைத் தட்டோடு பக்கத்துப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய், போறணையில் வேகவைத்து வாங்கி வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எந்த அப்பிள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. பெலாரஸ்காரர்கள் மெச்சுவது அந்தோனோவ்கா என்ற இனத்தை. மஞ்சள் கலந்த பச்சை நிறம், நல்ல வாசனை, பல் கூசும் புளிப்பு. இலையுதிர் காலத்தில் பறித்து வைக்கோலில் அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். விழாவுக்கு முந்திப் பழுப்பது பப்பிரோவ்கா என்ற மெல்லிய தோல்காரி. அது சில நாளிலேயே மாவாகிவிடும். இரண்டும் கொழும்புக்கு வருவதில்லை. இங்கே கிடைப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவது கிரானி ஸ்மித் என்ற பச்சை அப்பிள். 1868 அளவில் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற அம்மையாரின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து வந்த இனம் அது. சிவப்பு அப்பிளையும் பூஜியையும் சுட்டால் இனிப்போடு இனிப்புச் சேர்ந்து திகட்டும், வேறொன்றும் கிடைக்காது. பச்சை அகப்படாவிட்டால் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டுச் சமாளிக்கலாம். ஆனால் அது சமாளிப்புத்தான்.

நாலு பழத்தைக் கழுவித் துடைத்து, காம்புப் பக்கத்திலிருந்து கூரான கத்தியால் நடுவைக் குடைந்து எடுக்க வேண்டும். அடியைத் துளைத்துவிடக் கூடாது. துளைத்தால் தேன் முழுவதும் தட்டுக்குத்தான். பிறகு பழத்தின் இடுப்பைச் சுற்றித் தோலில் மெல்லிய கீறல் ஒன்று. இதை அலட்சியப்படுத்தாதீர்கள். அப்பிளின் கன அளவில் ஏறத்தாழக் கால்வாசி காற்று. தண்ணீரில் மிதப்பதும் அதனால்தான். சூட்டில் அந்தக் காற்றும் நீராவியும் விரிந்து வழி தேடும். கீறல் இல்லையென்றால் தோல் கண்ட இடத்தில் வெடிக்கும்.

குழிக்குள் உடைத்த கஜு, பிளம்ஸ், ஒரு சிட்டிகை கறுவாத்தூள். அங்கே வால்நட் போடுவார்கள். இங்கே கஜு இருக்க அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கறுவாவில் நம் கைதான் மேல். அங்கத்தைய கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது காசியா என்ற தடித்த பட்டை. கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் இடையே ஒல்லாந்தர் கால்வாய் வெட்டிப் படகில் ஏற்றியதோ அசல் கறுவா.

தட்டில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, 180 பாகைச் சூட்டில் முப்பது முதல் நாற்பது நிமிடம் வையுங்கள். பச்சைத் தோல் மங்கிப் பழுப்பேறும், கீறலில் நுரை கட்டும், உள்ளே இருக்கும் சதை பஞ்சாகப் பொங்கி வெளியே எட்டிப் பார்க்கும். ஈர்க்கினால் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். இறக்கியவுடன் வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும். பத்து நிமிடம் பொறுக்கலாம்.

தேனை எப்போது விடுவது? சுடுவதற்கு முன்பே குழியில் ஊற்றுவது பரவலான பழக்கம். நம் ஊரிலோ தேனைச் சூடாக்கக் கூடாது என்று ஆயுர்வேதம் சொல்லி வைத்திருக்கிறது. சூடான தேன் நஞ்சாகிவிடாது. ஆனால் அதிலுள்ள நொதிகளும் பூவின் வாசனையும் போவது உண்மை. சீனியை விட வேகமாகக் கருகவும் செய்யும். காசு கொடுத்து நல்ல தேன் வாங்கியவர்கள் ஒரு தேக்கரண்டியை முன்னதாகவும் மீதியைப் பழம் ஆறிய பிறகும் விடுவதே சரி. சீனிப்பாகு கலக்காத தேன் கிடைக்காவிட்டால் கித்துள் பாணி எடுங்கள். அது ஏற்கெனவே காய்ச்சி இறக்கியது, சூட்டுக்குப் பயப்படாது. பெலாரஸ்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், புளிப்பு அப்பிளோடு கித்துளின் புகை வாசனை சேரும்போது மூலத்தை விட ஒரு படி மேல் என்றே சொல்ல வேண்டும்.

அங்கே பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் வயிறு சரியில்லாதவர்களுக்கும் சுட்ட அப்பிள் கொடுப்பது வழக்கம். இங்கேயும் பாட்டாவுக்கும் பிள்ளைகளுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் விட்ட பழம் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டில் சாவதில்லை. அந்தக் குழந்தைக்குக் கஜுவும் தேனும் இல்லாமல் தனியாக ஒரு பழம் சுட்டு, தோலை நீக்கி மசித்துக் கொடுங்கள்.