இன்சுலின் சுரக்கும் ஈஸ்ட்

விஜயநகரில் எங்கள் தெருவில் வாழும் முதிய அம்மையார் ஒருவர் நீரிழிவுக்காக நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். சென்ற மாதம் திடீரென்று அதை நிறுத்திவிட்டார். "பசுவின் உறுப்பிலிருந்து எடுக்கிறார்களாமே! உயிர் போனாலும் வேண்டாம்" என்பது அவர் கட்சி. மூன்றாம் நாள் தீராத தாகமும் சோர்வும் கண்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நேர்ந்தது.

அவர் சொன்னது பொய்யன்று, பழைய செய்தி. 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் நாயின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமுமே உலகுக்கு அம்மருந்தை அளித்துவந்தன. இன்சுலின், 51 அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட சிறு புரதம். பன்றியினுடையது நம்முடையதிலிருந்து ஓரிடத்திலும், மாட்டினுடையது மூன்றிடங்களிலும் வேறுபடும். அவ்வேறுபாடு சிலர் உடலுக்கு ஒவ்வாமல் போனதும் உண்டு.

1982-ல் நிலைமை மாறிற்று. மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்திச் செய்த மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் பாக்டீரியா தான் செய்த புரதத்தைத் தனக்குள்ளேயே கட்டியாக்கி வைத்துவிடும். அதை உடைத்தெடுத்து உருத்திருத்த வேண்டும். ஈஸ்ட் அப்படியன்று. புரதத்தை ஒழுங்காக மடித்து வெளியே சுரந்துவிடும்.

இங்கிருந்து 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில், பயோகான் நிறுவனம் இவ்வழியிலேயே மனித இன்சுலினைச் செய்து 2004-ல் வெளியிட்டது. அதை 1978-ல் ஒரு வாடகைக் கொட்டகையில் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா, ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் கலையைப் பயின்றவர்! பெண் என்பதால் அத்தொழிலில் இடம் கிடைக்காதவர்.

அங்கே பயன்படுவது பிச்சியா என்னும் ஈஸ்ட். குடித்தவர் கண்ணைப் பறிக்கும் மெதனால், இதற்கு உணவு. உருக்குத் தொட்டியில் ஈஸ்டை முதலில் வேறு உணவிட்டுப் பெருக்குவார்கள். பிறகு மெதனாலைச் சிறிது சிறிதாக விடுவார்கள். அதுவே சாவி. அப்பொழுதுதான் புகுத்திய மரபணு விழித்து, இன்சுலினின் முன்னோடிப் புரதத்தைச் செய்யத் தொடங்கும். பின்னர் ஈஸ்ட் உயிரணுக்களை நீக்கி, நொதியால் வேண்டாத பகுதியை வெட்டி, மெதனாலின் சுவடும் நில்லாதபடி பலமுறை தூய்மை செய்வார்கள்.

எல்லா இன்சுலினும் ஈஸ்டில் பிறப்பதன்று. பாக்டீரியாவில் செய்வதும் இன்றும் உண்டு. எதுவாயினும் பசுவுக்கு அதில் பங்கில்லை.

இவ்வளவும் அந்த அம்மையாரிடம் விளக்கினேன். "கள்ளைப் புளிக்கவைக்கிறதே, அந்த இனமா?" என்றார். ஒருகணம் திகைத்தேன். "இனம் ஒன்றுதான் பாட்டி, ஆனால் மருந்தில் கள்ளும் இல்லை, ஈஸ்டும் இல்லை" என்றேன்.

குளிர்ப்பெட்டியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்துவரச் சொல்லி, அதன் மேலிருந்த எழுத்துகளை என்னைப் படிக்கச் சொன்னார். 'மனித இன்சுலின்' என்ற இடம் வந்ததும் மறுமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, இரவு உணவுக்கு முன் ஊசியைப் போட்டுக்கொண்டார்.