மோட்டார் வண்டிகளில் ஒலிக்கருவி பொருத்தும் தொழில்

சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டியாயினும், வயலை உழும் டிராக்டராயினும், ஊராரைத் திருவிழாவிற்கு அழைத்துச் செல்லும் வேனாயினும், இன்று பாட்டொலி இன்றி ஓடுவது அரிது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1930ஆம் ஆண்டில் ‘மோட்டோரோலா’ என்னும் கார் வானொலி விற்பனைக்கு வந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. அதன்பின் வட்டத்தகடும், இப்போது கைப்பேசியும் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. கருவிகள் மாறினும், அவற்றை வண்டியில் முறையாகப் பொருத்தித் தரும் கைவினைஞனின் தேவை மாறவில்லை. கிராமத்து இளைஞர்கள் இத்தொழிலை மேற்கொள்வது எவ்வாறு என்பதையும், இதில் முதன்மையாகக் கற்க வேண்டியது யாது என்பதையும் இங்குக் காண்போம்.

தொழிலின் அடிப்படை

இத்தொழிலுக்கு இசைஞானம் வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது இருப்பின் நன்றே. ஆனால் இன்றியமையாதது ஒயரைப் பற்றிய அறிவாகும். “12 வோல்ட்தானே, தொட்டாலும் அடிக்காது” என்று அலட்சியமாகக் கூறுவோர் உண்டு. அடிக்காது என்பது உண்மை. எரிக்காது என்பது உண்மையன்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டில் 230 வோல்ட் மின்சாரத்தில் 300 வாட் சாதனம் ஒன்று இயங்கினால், அதன் ஒயரில் ஏறத்தாழ 1.3 ஆம்பியர் மின்னோட்டமே பாயும். அதே 300 வாட்டை உட்கொள்ளும் ஆம்ப்ளிஃபயரை 12 வோல்ட் பாட்டரியில் இணைத்தால், 25 ஆம்பியர் பாய்கிறது. பெரிய பம்புசெட்டின் நீரைச் சிறு குழாயில் செலுத்தினால் என்ன நேரும் என்பதை உழவர்கள் அறிவர். ஒயரும் அத்தகையதே. 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்பு ஒயரை 5 மீட்டர் நீளத்திற்கு இழுத்து, அதில் 25 ஆம்பியரைச் செலுத்தினால், சுமார் ஒன்றரை வோல்ட் வழியிலேயே இழக்கப்படுகிறது. ஏறக்குறைய 35 வாட் வெப்பம் ஒயரில் தோன்றுகிறது. இருக்கை விரிப்பின் அடியில் மறைந்து கிடக்கும் ஒயர் இவ்வாறு நாள்தோறும் சூடேறினால், அதன் உறை இளகும். பின்னர் தீ மூளும். 8 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு கால் வோல்ட்டை ஒட்டியே இருக்கும். கடன் வாங்கிய வண்டி ஒரு குடும்பத்தின் சோறு. அதன் மறைவிடத்தில் நாம் வைக்கும் ஒவ்வோர் இணைப்பும் அக்குடும்பத்திற்கு நாம் தரும் வாக்குறுதியாகும்.

பியூஸின் பணி

பியூஸ் கருவியைக் காப்பதற்கே உள்ளது என்பது பரவலான தவறான எண்ணம். முதன்மையாக அது காப்பது ஒயரையே. எனவே பாட்டரியிலிருந்து ஒரு முழத்திற்குள் பியூஸ் அமைய வேண்டும். கருவியின் அருகில் மட்டும் அதை வைத்தால், இடையிலுள்ள ஒயர் உடலிரும்பில் உராய்ந்து சேர்ந்துவிடும்போது காப்பார் எவருமில்லை. பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 ஆம்பியரைச் செருகுவது, காவற்காரனை உறங்க வைப்பதற்கு ஒப்பாகும். எரிந்த காரணத்தைக் கண்டு நீக்குவதே தொழிலாளியின் கடமை.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையை, அதாவது உடலிரும்போடு சேர்ந்த முனையை, முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்ற முற்பட்டால், ஸ்பானர் உடலிரும்பில் பட்ட மாத்திரத்தில் பெரும் தீப்பொறி எழும்.

தனியாக விற்கப்படும் ஒலிக்கருவிகளின் ஒயர்களுக்குப் பொதுவான நிறமுறை உண்டு. மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள இணைப்பு, சிவப்பு, சாவியைத் திருப்பினால் மின்சாரம் வரும் இணைப்பு, கறுப்பு உடலிரும்புக்குரியது. முன் ஸ்பீக்கர்களுள் இடப்புறத்திற்கு வெள்ளை, வலப்புறத்திற்குச் சாம்பல். பின் ஸ்பீக்கர்களுள் இடப்புறத்திற்குப் பச்சை, வலப்புறத்திற்கு ஊதா. இவற்றுள் கறுப்புக் கோடு உடையது எதிர்முனை. ஆயினும் நிறத்தை நம்பி மட்டும் இணைக்கலாகாது. மல்டிமீட்டரால் சோதித்தே இணைக்க வேண்டும். வண்டியின் சொந்த ஒயர்களை வெட்டாமல், அவ்வண்டிக்குரிய இணைப்புச் சாக்கெட்டை வாங்கிப் பயன்படுத்துவது நலம்.

ஸ்பீக்கரின் நேர்முனை எது என அறிய, ஒன்றரை வோல்ட் டார்ச் பாட்டரி ஒன்றே போதும். அதை ஒரு நொடி தொடும்போது காகிதக் கூம்பு முன்னோக்கி வந்தால், பாட்டரியின் நேர்முனை தொட்ட இடமே ஸ்பீக்கரின் நேர்முனையாகும். இரண்டு ஸ்பீக்கர்களுள் ஒன்று மட்டும் மாறி இணைந்தால், கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும்.

உடலிரும்பு இணைப்பைப் பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் போல்ட்டால் இறுக்க வேண்டும். இருக்கைப் பட்டையின் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஒயரை இரும்புத் துளையின் வழியே செலுத்துமிடத்தில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, கோடை வெயிலில் பசை இளகி அவிழ்ந்துவிடும். இடுக்கியால் நசுக்கி இணைத்தோ, பற்றவைத்தோ, வெப்பத்தில் சுருங்கும் உறையிட்டு மூட வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் மலிவாகக் கிடைக்கும். முனையைச் சுரண்டினால் வெண்மை தெரியும். அதைச் செம்பென்று நம்பி ஏமாறலாகாது.

1-7-2019 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. மஞ்சள் உறையிட்ட காற்றுப்பை ஒயர்களைச் சோதனை விளக்கால் தொடுவதும் வெட்டுவதும் பேராபத்து.

லாரி, பஸ் வேலைகள்

கரூரில் பஸ்களுக்கும், நாமக்கல்லில் லாரிகளுக்கும் கூடு கட்டும் தொழில் சிறந்து விளங்குகிறது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. இப்பகுதி இளைஞர்கள் ஒன்றை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். பெரிய லாரி, பஸ்களில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாகப் பயன்படுத்துவது வழக்கம். 12 வோல்ட் கருவிக்காக ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் மின்சாரம் எடுத்தால், அது குறைந்துகொண்டே போகும். மற்றொன்று மிகுதியாக ஏற்றம் பெற்றுக் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றுக்கருவியைப் பொருத்துவதே சரியான முறை.

பயிற்சியும் முதலும்

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன், ஒயர்மேன், மோட்டார் வண்டி மெக்கானிக் ஆகிய ஈராண்டுப் பயிற்சிகள் இதற்கு நல்ல அடித்தளம். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தோன்றிய முயற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, வங்கிகள் மாவட்டந்தோறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. அங்கு உணவும் உறைவிடமும் இலவசம். அதன்பின் நகரத்துக் கடையொன்றில் ஓரிரு ஆண்டுகள் உதவியாளராக இருப்பது நலம். பிறர் செய்த பழுதைத் திருத்தும்போது கற்கும் பாடம் எந்த நூலிலும் கிடைப்பதன்று.

தொடக்கத்தில் பெரிய கடை வேண்டுவதில்லை. நல்ல மல்டிமீட்டர், நசுக்கும் இடுக்கி, பற்றவைக்கும் கருவி, ஸ்பானர்கள், திருப்புளிகள், உட்பலகையைக் கீறாமல் நெம்பும் பிளாஸ்டிக் கருவிகள் ஆகியவை போதும். 2015இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில், 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. கருவிகளை வாங்கி அடுக்கி முதலை முடக்காமல், வேலைக்கூலியை நம்பித் தொடங்குவதே அறிவுடைமை.

புதிய கார்கள் பலவற்றில் ஒலிக்கருவி ஆலையிலேயே அமைந்து வருகிறது. ஆகவே பின்புறக் காமிரா, திருட்டு எச்சரிக்கைக் கருவி முதலியவற்றையும் பொருத்தக் கற்றோரே நிலைத்து நிற்பர்.

சட்டமும் நற்பெயரும்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குரிய ஒலியளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் ஆகும். பல சுருதிகளில் ஒலிக்கும் ஹாரன்களை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. வாடிக்கையாளர் வற்புறுத்தினும் இவற்றைப் பொருத்த மறுத்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட்டு, பாட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என அளக்க வேண்டும். வண்டி முற்றிலும் ஓய்ந்த பின் 50 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்டால், ஏதோ ஓர் இணைப்பு தவறு என்று கொள்ளலாம். ஒவ்வொரு வண்டிக்கும் எந்த ஒயர் எங்கு இணைந்தது, பியூஸின் அளவு என்ன என்பவற்றை நோட்டில் எழுதி, ஒரு படியை உரிமையாளரிடம் கொடுத்தல் நல்வழக்கம்.

பலகையைத் திரும்ப மூடிவிட்டால் நம் வேலையை எவரும் காணார். காணாத இடத்தையும் செம்மையாகச் செய்பவரை ஊர் விரைவில் அறிந்துகொள்ளும். அத்தகைய இளைஞர், பிழைப்புத் தேடிப் பட்டணம் செல்ல வேண்டியதில்லை. பட்டணத்து வண்டிகளும் அவரைத் தேடிக் கிராமத்திற்கு வரும்.